ஆள் வராத நாளில் அம்மாவுக்கு யார்?

அப்பா தவறி எட்டு மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கியதால் அன்று தப்பினோம். அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து தங்கச்சியும் வெள்ளவத்தையிலிருந்து தம்பியும் தொலைபேசியில் வந்தார்கள். மூன்று பிள்ளைகள், மூன்று யோசனைகள். நல்ல முதியோர் இல்லமாகப் பார்ப்போம், பணம் தான் அனுப்புவதாகத் தங்கச்சி சொன்னாள். தம்பி, அம்மா தன்னோடு கொழும்பில் இருக்கட்டும் என்றான். நான், திருகோணமலையில் அம்மாவின் சொந்த வீட்டிலேயே துணைக்கு ஓர் ஆளை வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

இப்போது இரண்டு வருடமாக என் யோசனைதான் நடக்கிறது. ஆகவே நான் நடுநிலையாக எழுதப் போவதில்லை. ஆனாலும் மற்ற இரண்டையும் முயன்று பார்க்காமல் தள்ளவில்லை. பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியே சொல்லிக் களைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மம்மாவுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அவருக்குப் பிள்ளைகள் ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தார்கள். அம்மாவுக்கு மூன்று பேர், ஊரில் இருப்பது நான் மட்டும். 1981 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் அறுபது வயதைத் தாண்டியோர் 6.6 சதவீதம், 2012இல் 12.4 சதவீதம். முப்பது வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. தெற்கோடு ஒப்பிட்டால் கிழக்கு இன்னும் இளமையான மாகாணம்தான். ஆனால் அம்மாவின் ஒழுங்கையில் நடந்து பாருங்கள். பதினொரு வீடுகளில் ஆறில் வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பின்னேரம் ஏழு மணிக்குப் படலை பூட்டினால், உள்ளே தெரிவது வெளிநாட்டுப் பிள்ளையோடு பேசும் கைத்தொலைபேசியின் வெளிச்சம்தான்.

முதலில் வெள்ளவத்தையைப் பார்த்துவிடுவோம். அம்மா அங்கே ஆறு கிழமை இருந்தார். நல்ல வைத்தியர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், மருந்து வாசலுக்கு வருகிறது, பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கலாம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தம்பியும் மனைவியும் காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவார்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலை, பிறகு ரியூஷன். நான்காம் மாடியில், வெளிக்கதவு பூட்டிய தொடர்மாடி வீட்டில், அம்மா பதினொரு மணித்தியாலம் தனியே இருந்தார். விழுந்தால் கிணற்றடியில் கேட்ட சத்தம்கூட அங்கே யாருக்கும் கேட்காது. மகனோடு இருக்கிறார் என்று ஊரில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம், அவ்வளவுதான். ஆறாம் கிழமை முடிவில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "என் மான்களுக்கு யார் பழத்தோல் போடுகிறார்கள்?" எங்கள் நகரத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே புள்ளிமான்கள் மாடுகளைப் போல வீதியில் திரியும். அம்மாவின் படலையடிக்கு நாலைந்து தவறாமல் வரும். அன்றிரவு புகையிரதத்திலேயே அம்மாவைக் கூட்டி வந்துவிட்டேன்.

முதியோர் இல்லம் என்றதும் "ஊர் என்ன சொல்லும்" என்ற பேச்சு வரும். அதை விடுங்கள், ஊர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து அம்மாவை மலசலகூடத்துக்குக் கூட்டிப் போகப் போவதில்லை. நான் இரண்டு இல்லங்களுக்கு நேரில் போனேன். ஐந்து பேருக்கு மேல் முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்டவுடன் முகம் மாறினால் திரும்பி வந்துவிடுங்கள். இங்கே நான் பார்த்த இல்லம் யாருமற்றவர்களுக்காக நன்கொடையில் நடப்பது. சுத்தமான இடம், அன்பானவர்கள். ஆனால் ஓய்வூதியமும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒருவர் அங்கே ஒரு கட்டிலைப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றது கொழும்புப் பக்கம்; மாதம் 85,000 ரூபா கேட்டார்கள். இரவுக்குத் தனி ஆள், கிழமைக்கொரு முறை வைத்தியர், குளியலறை முழுக்கக் கைபிடிகள் என்று குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரவுச் சாப்பாடு ஆறரைக்கு, விளக்கணைப்பு எட்டுக்கு. முப்பத்து நான்கு வருடம் ஆசிரியராகப் பிள்ளைகளுக்கு மணியடித்த அம்மா, இனித் தனக்கு மணியடிப்பதைக் கேட்பாரா என்று யோசித்தேன். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போய்ப் பார்த்துவர என் சம்பளமும் லீவும் போதாது என்பதும் உண்மை.

ஆனாலும் ஒரு விடயத்தில் இல்லம்தான் மற்ற இரண்டையும் வென்றது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்க ஒரு வருடம் பிடித்தது.

வீட்டில் வைத்துப் பார்ப்பதென்று முடிவானதும் வேலைகளைத் தொடங்கினோம். கிணற்றடிக்குப் போகாமல் குளிக்க உள்ளே ஓர் அறை, கொமோட், சுவரில் கைபிடி, படுக்கையிலிருந்து அங்கே போகும் வழி முழுக்க இரவு விளக்கு. கொழும்பு முகவர் நிலையமொன்று நாளுக்கு 3,000 ரூபாவுக்கு ஒரு பெண்ணை அனுப்பியது. மூன்றாம் நாள் வெயிலும் உப்புக்காற்றும் ஒத்துவரவில்லை என்று அந்தப் பிள்ளை போய்விட்டது. பிறகு பத்திரகாளி அம்மன் கோயிலில் அறிமுகமான ஒருவர் மூலம் தம்பலகாமத்து அக்கா வந்தார். மாதம் 40,000. கைபக்குவம், பொறுமை, சீனி வருத்தத்துக்கு ஏற்ற சமையல் எல்லாம் இருந்தன. அம்மாவும் அவரும் வெள்ளிக்கிழமைகளில் ஒரே முச்சக்கர வண்டியில் கோயிலுக்குப் போனார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று தங்கச்சிக்குச் சொன்னேன்.

அந்தத் தைப்பொங்கலுக்கு அக்கா மூன்று நாள் வீடு போனார். நான் உப்புவெளியில் உள்ள என் வீட்டிலிருந்து வந்து தங்கினேன், சமாளித்தேன். சித்திரையில் அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பேறு பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் நின்றார். எந்தத் தாய்தான் போகாமல் இருப்பாள்? அந்த நாட்களில் என் லீவு முழுக்க முடிந்தது. காலையில் நான் ஒரு தடவை, நான் கொடுத்தது தெரியாமல் என் கணவர் இன்னொரு தடவை, பிரஷர் குளிசையை இரண்டு முறை கொடுத்து அம்மாவுக்குத் தலைசுற்றி வைத்தியசாலை வரை போனோம். இந்தப் பிழைக்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் வயது 56. இரவில் மூன்று தடவை எழுந்து, காலையில் கரும்பலகைக்கு முன் நின்றுகொண்டே தூங்கினேன்.

அப்போது வழி சொன்னவள் தங்கச்சி. ரொறன்ரோவில் அவள் செய்வதே முதியோர் பராமரிப்பு வேலைதான். தன் தாயைப் பார்க்க முடியாமல், இன்னொருவருடைய தாயைக் குளிப்பாட்டும் பிள்ளை. அவள் சொன்னாள்: "அக்கா, எங்களிடத்தில் எந்தக் கட்டிலும் ஒரே ஆளை நம்பி இருப்பதில்லை. யார் நல்லவர் என்று தேடாதீர்கள். அவர் வராத நாளில் யார் என்று தேடுங்கள்."

இல்லம் வென்றது இந்த இடத்தில்தான். அங்கே ஒருவர் லீவு போட்டால் அடுத்தவர் வருவார். அம்மாவுக்குத் தெரியக்கூட வராது. வீட்டில் ஒருவர் போனால் முழு ஏற்பாடும் அவரோடு பஸ் ஏறிவிடுகிறது. சம்பளம், சமையல், குணம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம்; வருடத்தின் அந்த நாற்பது ஐம்பது நாட்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விழுவதும் காய்ச்சல் வருவதும் அந்த நாட்களுக்கென்றே காத்திருப்பது போல.

இப்போது இருவர். தம்பலகாமத்து அக்கா பதினைந்து நாள், மூதூரிலிருந்து வருபவர் பதினைந்து நாள். நாளுக்கு 1,600 வீதம் மாதம் 48,000. முன்னரைவிட 8,000 கூட. இந்த எண்ணாயிரம்தான் நான் செலவழிக்கும் காசில் மிகவும் பெறுமதியானது. மாறும் நாளில் அரை நாள் இருவரும் சேர்ந்து நிற்கவேண்டும் என்பது உடன்பாடு. அந்த அரை நாளில் ஒரு சி.ஆர். கொப்பி கைமாறுகிறது: எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு, மலம் போனதா, எதற்குக் கோபித்தார். ஒருவர் வீட்டில் கலியாணம் என்றால் மற்றவர் நாட்களைக் கூட்டிக்கொள்கிறார். பிறகு அவர்களே கணக்குத் தீர்த்துக்கொள்கிறார்கள், நான் தலையிடுவதில்லை. மாரியில் மூதூர்ப் பக்கம் வெள்ளமென்றால் தம்பலகாமம் நிற்கும். இரண்டு பக்கமும் வெள்ளமென்றால் நான்.

இரண்டாவது ஆளைத் தேட ஐந்து மாதம் போனது. பராமரிப்புப் பயிற்சி முடித்த இளம்பிள்ளைகள் இல்லாமலில்லை. சான்றிதழ் கையில் வந்ததும் அவர்கள் பார்ப்பது இஸ்ரேலையும் ஜப்பானையும். ஜப்பானுக்குப் பராமரிப்பாளர்கள் போவதற்கு 2019இலிருந்து அரசுகளிடையே உடன்பாடே இருக்கிறது. நான் கொடுக்கும் 1,600க்கு அவர்களை மறிக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

என் தெரிவு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். அம்மாவுக்கு ஆசிரியர் ஓய்வூதியம் இருக்கிறது, வெளிநாட்டில் ஒரு மகள் இருக்கிறாள். திருக்கடலூரில் வலை இழுத்து முதுமை கண்டவருக்கு? வருமானம் குறைந்த, எழுபது தாண்டியவருக்கான முதியோர் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவாக உயர்ந்தது. என் கணக்கில் அது மூன்று நாட்கூலி. தனியார் துறையில் வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி ஐம்பத்தைந்தில் ஒரே தொகையாகக் கைக்கு வருகிறது, பெண்களுக்கு ஐம்பதில். மகளின் சீதன வீட்டுக்கு அத்திவாரம் போட அது போய்விடுகிறது. மேலே சொன்ன முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பார்க்காத பிள்ளையிடம் பராமரிப்புப் பணம் கேட்டுப் பெற்றோர் முறையிடலாம். எங்கள் ஊரில் எந்தத் தாய் பிள்ளைக்கு எதிராக விண்ணப்பம் எழுதுவாள்? எழுதினாலும், காசு வரும். இரவுக்கு ஆள் வராது.

இன்னொன்று: அம்மாவுக்கு 81 வயது, ஆனால் நடக்கிறார், புத்தி தெளிவு. படுக்கையில் விழுந்த ஒருவரை வீட்டில் பார்த்த அனுபவம் எனக்கில்லை. இரண்டு பெண்கள் மாறி மாறித் தூக்கித் திருப்பிப் படுக்கைப்புண் வராமல் காப்பார்களா என்று கேட்டால் தயங்குவேன். எதிர்வீட்டு ஐயாவுக்கு மறதி நோய். மனைவியையே "நீங்கள் யார் வீட்டு ஆள்?" என்று கேட்கிறார், படலை திறந்தால் நடந்துவிடுவார், ஒரு முறை உட்துறைமுக வீதியில் கண்டுபிடித்தார்கள். அந்த நிலை வந்தால் தங்கச்சி சொன்ன முதியோர் இல்ல யோசனையை மறுபடி எடுத்துப் பார்ப்பேன். அதற்காக இப்போதே அம்மாவைப் பெயர்க்க மாட்டேன்.

போன மாதம் தம்பலகாமத்து அக்கா தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்டார். வரும் ஆவணியில் அவருக்கு அறுபது. முதியோர் அடையாள அட்டைக்கு எங்கே போய் எழுதிக்கொடுக்க வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று. கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கச் சொன்னேன். அன்று பின்னேரமே மூன்றாவது ஆளொருவரைப் பற்றிக் கோயிலில் விசாரிக்கத் தொடங்கினேன். இன்னும் யாரும் அகப்படவில்லை.