கமிட்டுக்கு முன்னாலா, புஷ்ஷுக்குப் பின்னாலா?

கிருஷ்ணகிரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு ஓசூர், பெங்களூரு ஆட்களோடு வேலை செய்கிற எங்கள் நாலு பேர் டீமில் இந்தச் சண்டை ஓயவே இல்லை: கோடு செக்கிங்கை அவரவர் லேப்டாப்பில் கமிட் அடிக்கும்போதே (கோடு மாற்றங்களின் ஹிஸ்டரியை வைத்திருக்கும் கிட்டில் பதிவு செய்யும்போதே) ஓட்டுவதா, புஷ் செய்த பிறகு (பொது சர்வருக்கு அனுப்பிய பிறகு) சிஐ சர்வரில், அதாவது வந்த கோடைத் தானாகச் சோதிக்கும் சர்வரில் ஓட்டுவதா?

கமிட் ஆவதற்கு முன் லேப்டாப்பிலேயே தானாக ஓடும் ஸ்கிரிப்ட்தான் ப்ரீ-கமிட் ஹூக். அதன் பலம் வேகம். பைத்தானுக்கு ரஃப் என்ற லிண்ட் கருவியை (கோடை ஓட்டாமலே தப்பு தேடுவது) போட்டால் கண் சிமிட்டுவதற்குள் '14-வது வரி, பயன்படுத்தாத இம்போர்ட்' என்று காட்டிவிடும், நெட்கூட வேண்டாம் (மழை வந்தால் நெட் போகும் எங்கள் தெருவுக்கு இது பெரிய விஷயம்). அதைவிட முக்கியம், ஏபிஐ கீ (வெளி சர்வீஸைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி), பாஸ்வேர்டு தெரியாமல் உள்ளே போனால் இங்கேயே பிடிக்கலாம். சிஐ கண்டுபிடிக்கும்போது அது ஏற்கெனவே சர்வருக்குப் போய் ஹிஸ்டரியில் உட்கார்ந்திருக்கும், அப்புறம் கீயை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஆனால் ஹூக்கை மட்டும் நம்ப முடியாது. கிட் குளோன் செய்யும்போது (ப்ராஜெக்ட்டை சர்வரிலிருந்து நகல் எடுக்கும்போது) ஹூக் கூடவே வராது, ஒவ்வொருவரும் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். அவசரத்தில் கமிட் கமாண்டோடு 'நோ-வெரிஃபை' என்று சேர்த்தால் ஹூக் மொத்தத்தையும் தாண்டிப் போய்விடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே செய்திருக்கிறேன். சிஐ-யில் அது நடக்காது, மெயின் பிராஞ்சை (டீமின் பொதுக் கோடை) பூட்டி வைத்தால், சோதனை பாஸ் என்ற பச்சை டிக் வராமல் அதில் மெர்ஜ் ஆகாது, அதாவது சேராது. கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான்.

என் கட்சி: ஃபார்மட், லிண்ட், சீக்ரெட் (கீ, பாஸ்வேர்டு) தேடல் ஹூக்கில், டெஸ்ட் முழுக்க சிஐ-யில், லிண்டையும் அங்கே இன்னொரு தடவை. ஹூக்கில் எல்லா டெஸ்டையும் திணித்து ஒரு கமிட்டுக்கு மூன்று நிமிஷம் காக்க வைத்தால், ஒரே வாரத்தில் டீம் முழுக்க நோ-வெரிஃபை பழகிவிடும்.