சர்வாதிகாரத்துக்குத் துணை நாத்திகமா, கிறிஸ்தவமா: எந்த அணியில் பேசலாம்?

வேலூர்க் கல்லூரிப் பட்டிமன்றத்துக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளுக்கு.

ஆதாரம்
நாத்திகமே: 1931இல் ஸ்டாலின் ஆட்சி மாஸ்கோ பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தது. 1967இல் அல்பேனியா மதத்தையே தடை செய்தது.
கிறிஸ்தவமே: வத்திக்கான் 1929இல் முசோலினியோடும் 1933இல் ஹிட்லர் அரசோடும் ஒப்பந்தம் போட்டது.

ஓட்டை
நாத்திகமே: போர் நெருக்கியதும் 1943இல் அதே ஸ்டாலின் ஆயர்களைக் கூப்பிட்டுப் பேசினார். நாற்காலிதான் பெரிது! தவிர, நம்மூரில் இந்த அணி குறுக்குக் கேள்விக்கு நிற்பது கஷ்டம். பெரியார் என்ற நாத்திகர் யாரையும் சிறையில் தள்ளவில்லை. 1973இல் அவர் கண்மூடியது மிஷன் ஆஸ்பத்திரியான நம்ம சி.எம்.சி.யில்தான்.
கிறிஸ்தவமே: ஹிட்லரை எதிர்த்த போதகர் போன்ஹோஃபர் 1945இல் தூக்கிலிடப்பட்டார்.

சட்டென்று கைதட்டல் வேண்டுமா, முதல் அணி. குறுக்குக் கேள்வியைத் தாங்க வேண்டுமா, இரண்டாவது. நடுவர் நானென்றால், ஒற்றைக் கட்சி ஆட்சியைக் குற்றவாளி என்பவருக்கே மதிப்பெண்.