மாடியில் ஷெட் போடப் போகிறீர்களா? ₹1,84,000 போன கதையைப் படித்துவிட்டுப் போடுங்கள்

கடலூரில் அம்மா வீட்டு மொட்டை மாடியில், 30க்கு 20 அடியில் போட்ட தகர ஷெட் முந்தாநாள் இரவு பெயர்ந்து பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது. ஆள் இல்லாத நேரம், உயிர் தப்பியது. அடித்தது புயல்கூட இல்லை, மழையோடு வந்த காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த ஊர் இது. அதனால்தான் "புயல் தாங்கும் ஷெட்" என்று கேட்டு, அதற்கென்றே கூடுதல் கூலி பேசி, ₹1,84,000 கொடுத்தோம்.

ஆள் கிடைத்தது வீட்டு வேலைக்கு ஆட்களைச் சேர்த்துவிடும் ஒரு செயலி மூலம். வந்தவர் பேசியது அத்தனையும் சரி. 50க்கு 50 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்றார், கையோடு கொண்டுவந்த வெட்டுத்துண்டை வெர்னியரில் அளந்தோம், 2 மி.மீ.தான். "தட்டோட்டை வெட்டி எடுத்துட்டு, கீழ கான்கிரீட்லதான் சார் போல்ட் போடுவேன்" என்று அவராகவே சொன்னார். இந்த ஒரு வரியைச் சொல்லத் தெரிந்தவர் வேலை தெரிந்தவர் என்று எவரும் நம்புவார்கள். ஷெட்டின் முதல் கால் நட்ட அன்று போட்டோவும் வந்தது: ஓடு வெட்டி, அதன் கீழே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்ந்த சுர்க்கியைத் தோண்டி, சாம்பல் நிறக் கான்கிரீட் தெரிய நாலு போல்ட். மீதிப் பணம் போய்ச் சேர்ந்தது.

மொத்தம் 12 கால்கள். அப்படி நட்டது அந்த ஒன்று மட்டும்தான். மற்ற 11ம் தட்டோட்டின் மேலேயே பிளேட்டை வைத்து 100 மி.மீ. போல்ட்டால் முடுக்கியவை. கணக்கைப் பாருங்கள். ஓடு 20 மி.மீ., அதன் கீழே சுர்க்கி 75 மி.மீ. இரண்டும் சேர்த்து 95. பிளேட் கனத்தைக் கழித்தால் போல்ட்டின் நுனி கான்கிரீட்டைத் தொடவே இல்லை. குழிக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் இது, செங்கல் ஜல்லியில் விரிந்தால் ஜல்லி நொறுங்கும், பிடிக்காது. 11 கால்களின் போல்ட் குழிகளிலும் சிவப்புத் தூள்தான் கிடக்கிறது.

ஷெட் கனமாக இருக்கிறதே, காற்று எப்படித் தூக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மணிக்கு 70 கி.மீ. காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிலோ. தகடு சதுர மீட்டருக்கு 4, 5 கிலோதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, 180 கி.மீ. வேகத்தில் அது 150 கிலோவைத் தாண்டும். பக்கம் திறந்த ஷெட்டில் காற்று அடியில் புகுந்து மேலே தள்ளும், மேற்பரப்பில் உறிஞ்சவும் செய்யும். ஓரத்திலும் மூலையிலும்தான் அந்த உறிஞ்சல் மிக அதிகம். அங்கேதான் இவர்கள் இரண்டடி தகட்டை வெளியே நீட்டி, தகட்டு நெளிவின் மூன்று மேட்டுக்கு ஒரு ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று வேண்டும். நீட்டல் ஓரடிக்குமேல் கூடாது.

விழுந்த குழாயை எடைபோட்டேன். 20 அடிக் குழாய் 2 மி.மீ. என்றால் 18 கிலோ இருக்க வேண்டும். இருந்தது 11 கிலோ, அதாவது 1.2 மி.மீ. அளந்து காட்டிய துண்டு மட்டும்தான் 2. குழாய் மெலிந்தால் ஸ்க்ரூவின் மரை பிடிக்க இடமே இல்லை, உருவிக்கொண்டு வந்துவிடும். இங்கே அதுதான் நடந்தது.

போன் செய்தால் "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்க பொறுப்பில்ல சார்". மறுபடி செய்தால் "ஊர்ல இல்ல, வந்து பாக்குறேன்". அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களோ "நாங்க ஆளைச் சேர்த்துவிடுறவங்க மட்டும்தான், வேலைக்கு உத்தரவாதம் கொடுக்கல" என்கிறார்கள். சிவப்புத் தூள் போட்டோவை அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வருகிறது! ₹1,84,000 போனதற்குக் கருத்தாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன்.

புயலுக்கு மாடி ஷெட்டைப் பலப்படுத்துவது பற்றி முழுதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது ஆத்திரத்தில் முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும்:

துளை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். சிவப்புத் தூள் வந்தால் சுர்க்கி, வேலையை நிறுத்துங்கள். சாம்பல் தூள் வரும்வரை போல்ட் போட விடாதீர்கள்.

கால்கள் பீம் அல்லது தூணுக்கு நேர்மேலே வரட்டும். கைப்பிடிச் சுவரில் மாட்டினால் சுவரையும் சேர்த்துப் பிடுங்கும்.

துண்டை அளக்காதீர்கள். இறங்கிய குழாய் ஒவ்வொன்றையும் தராசில் வையுங்கள்.

எல்லாக் கால்களின் போட்டோவும் வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஒரு கால் போட்டோவுக்குத்தான் எங்கள் ₹1,84,000 போனது.