ரொக்கம்: நார்வேயின் சட்டமா, ஸ்வீடனின் கதவு அறிவிப்பா?

காட்மீன் படம் போட்ட 200 குரோனர் நோட்டோடு நார்வேயில் ஒரு கடைக்குள் போனால், அதை வாங்க மறுக்கக் கடைக்காரருக்கு உரிமை இல்லை. பழைய விதியில் இருந்த ஓட்டைகளை 2024 அக்டோபர் 1 முதல் அடைத்துவிட்டார்கள். நிலையான இடத்தில் நடக்கும் கடையில் 20,000 குரோனர் வரை நுகர்வோர் ரொக்கமாகவே கட்டலாம். தானியங்கி இயந்திரங்கள், ஆளில்லாக் கடைகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

பக்கத்து ஸ்வீடனில் குரோனா நோட்டு சட்டப்படி செல்லும். ஆனால் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம்தான் பெரிது என்பது அங்கே நெடுநாள் நடைமுறை. 'ரொக்கம் வாங்குவதில்லை' என்று கதவில் ஓர் அட்டை தொங்கினால், உள்ளே வந்தவர் அதை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. கடைக்காரருக்குச் சில்லறை எண்ணும் வேலை இல்லை, கொள்ளை பயமும் குறைவு. நியாயமான காரணங்கள்தான். ஆனால் கார்டு இல்லாத ஒரு பாட்டி பால் வாங்க எங்கே போவார்? அதே அரசுதான் 2024இல் வீடுவீடாக அனுப்பிய நெருக்கடிக் கையேட்டில் கையில் ரொக்கம் வைத்திருக்கச் சொன்னது. வாங்க ஆளில்லாத நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனக்கு நார்வே வழியே சரி. ஆனால் ஒன்று, சட்டம் மட்டும் போதாது. 2021 ஜூலையில் இணையத் தாக்குதலால் ஸ்வீடனின் கூப் என்ற மளிகைக் கடைத் தொடரின் கடைகள் சுமார் 800 மூடப்பட்டபோது பில் போடும் இயந்திரமே ஓடவில்லை. நோட்டு நீட்டினாலும் பயன் இருந்திருக்காது.