அமெரிக்க எம்.எஸ்.: பத்திரம் வைத்து வங்கிக் கடனா, பத்திரமில்லாமல் என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) கடனா?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு (எம்.எஸ்.) அட்மிட், அதாவது சேர்க்கை அனுமதி, வந்ததும் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை வாங்க, முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். கடன் ஒப்புதல் கடிதமே பொதுவாக அதற்குப் போதும். அசிஸ்டண்ட்ஷிப்பை (பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராக வேலை பார்த்துப் பெறும் உதவித்தொகை) நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எம்.எஸ். மாணவர்களுக்கு அது பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அமைகிறது. அமைந்தால் கடனில் மீதித் தவணைகளை எடுக்காமல் விட்டுவிடலாம்.

வேகத்தில் என்பிஎஃப்சிதான் முந்தும். வட்டி அங்கே கூடுதல் என்பதும் தெரிந்ததே. ஆனாலும் வீடு இருப்பவர்களுக்கு அரசு வங்கியையே சொல்வேன். காரணம், படிக்கும் காலத்து வட்டி.

30 லட்சத்தை நாலு செமஸ்டருக்கு ஏழரை லட்சமாக எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பல அரசு வங்கிகளில் படிப்புக் காலமும் மேலே ஒரு வருடமும் தனிவட்டி மட்டும் ஏறும். மாதாமாதம் கட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. 10% என்றால் மூன்று வருடத்தில் 6.75 லட்சம். மொத்தப் பணத்தையும் முதல் நாளே எடுத்தால் அதுவே 9 லட்சம். ஆகவே ஃபீஸ் கட்டும் தேதி வரும்போது மட்டும் எடுங்கள். செமஸ்டர்தோறும் எடுத்தால் வட்டியும் சேர்ந்து 36.75 லட்சம்; பத்து வருடத் தவணை என்றால் இ.எம்.ஐ. சுமார் 48,600 ரூபாய் வரும். படிக்கும்போதே வட்டியைக் கட்டினால் பல வங்கிகள் 1% குறைக்கின்றன.

என்பிஎஃப்சிக்காரர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலிருந்தே வட்டியோ அதில் ஒரு பகுதியோ கேட்பார்கள். முழு வட்டி, 12.5% என்றால் முதல் செமஸ்டரில் மாதம் 7,800 ரூபாய்; நாலாவது செமஸ்டரில் 31,250. பிள்ளைக்குச் சம்பளம் வருமுன் இதைக் கட்டப்போவது ஊரில் இருக்கும் அப்பா அம்மா.

வங்கியில் இழுத்தடிப்பது பத்திர வேலை. தாய்ப் பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், அப்ரூவல் பெற்ற பிளான் எல்லாம் வக்கீல் பார்வைக்குப் போகும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் அடைத்து முடித்த பழைய கடனுக்கு ரசீது பத்திரம் பதியாததால் வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நிற்கும். பாகம் பிரியாத சொத்தென்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். விவசாய நிலத்தைப் பொதுவாக எடுப்பதில்லை. அட்மிட் வரும்வரை காத்திராமல், விண்ணப்பம் அனுப்பும்போதே வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

சொத்தே இல்லை, அல்லது பத்திரச் சிக்கல் இரண்டு மாதத்தில் தீராது என்றால் என்பிஎஃப்சிதான் வழி. அந்த நிறுவனம் கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிச்சலுகைக்கு (80இ) அறிவிக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டு நிறுவனத்தில் டாலர் கடன் வாங்கினால் அந்தச் சலுகை கிடையாது. மாத வட்டி எவ்வளவு, கட்டாவிட்டால் அது அசலில் சேருமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.