அக்குள் சிரைக்கு மைக்ரோபங்க்சர் கிட்: வாங்கலாமா?

பேஸ்மேக்கர் லீட் (கருவியை இதயத்தோடு இணைக்கும் மின்கம்பி) செலுத்த அக்குள் சிரையைக் குத்துபவர்கள், மெல்லிய ஊசியால் குத்த உதவும் இந்தக் கிட்டைத் தாராளமாக வாங்கலாம். 21 கேஜ் ஊசி, 0.018 அங்குல கைடுவயர் (வழிகாட்டும் மெல்லிய கம்பி), 5 பிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அளவு) உறை, அதற்குள் துளையை விரிக்கும் டைலேட்டர், இவ்வளவுதான் கிட். வழக்கமான 18 கேஜ் ஊசியைவிட மெல்லியது. தவறிப்போய்த் தமனியில் பட்டாலும், ஊசியை எடுத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் போதும்.

தோள்பட்டையின் டெரஸ் மேஜர் தசையின் கீழ் விளிம்பில் தொடங்கும் இந்தச் சிரை, தமனிக்கு உட்புறமாக ஓடி, முதல் விலா எலும்பின் வெளி விளிம்பில், காறை எலும்புக்கு அடியில் செல்லும் சப்கிளேவியன் சிரையாகிறது. அந்த விளிம்புக்கு வெளியிலேயே குத்தினால், காறை எலும்புக்கும் விலாவுக்கும் நடுவே லீட் நசுங்கி முறிவது குறையும். அல்ட்ராசவுண்டில் புரோபை (தோல்மேல் வைக்கும் கைக்கருவி) லேசாக அழுத்துங்கள்: சிரை அமுங்கும், தமனி துடிக்கும். அழுத்தியபடியே குத்தினால் ஊசி இரண்டு சுவரையும் துளைத்துவிடும்.

குறையும் உண்டு. பருத்த மார்பில் ஊசி வளையும், நுனி திரையில் மங்கும். ரத்தமும் மெதுவாகத்தான் வரும். அவசரப்பட்டு இன்னும் ஆழமாகப் போனால் நுரையீரல் உறையில் காற்று புகும் ஆபத்து.

வயர் சிக்கினால் ஊசி வழியே பின்னுக்கு இழுக்கவே கூடாது, கூர்முனையில் அறுபடும். இரண்டையும் சேர்த்தே வெளியே எடுங்கள்.