ட்ராமில் படியேறாமல் ஏற: உயர் மேடையா, தாழ்தளமா, லிஃப்டா?

சக்கர நாற்காலியின் முன்சக்கரம் பெரும்பாலும் சின்னதுதான். நேராகப் போகும்வரை தொல்லையில்லை. லேசாகத் திரும்பினால் அதுவும் குறுக்கே திரும்பி, மேடைக்கும் ட்ராமுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் கச்சிதமாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பழகியவர்கள் சிலர் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரத்தை முதலில் தாண்டவிட்டுப் பின்பக்கமாக ஏறுவது இதனால்தான்.

சந்து எவ்வளவு இருக்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. அமெரிக்காவில் 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகள், புதிய நிலையமும் புதிய பெட்டியும் சேருமிடத்தில் இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, உயர வித்தியாசம் சுமார் 16 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கின்றன. பிரிட்டன் இடைவெளியில் 75 மி.மீ., உயரத்தில் 50 மி.மீ. வரை விடுகிறது, அதற்கு மேல் போனால் சாய்பலகை மாதிரி ஏதாவது ஒன்று வைத்தாக வேண்டும். 50 மி.மீ. காகிதத்தில் சின்ன எண். கைப்பலம் குறைந்தவருக்கு அது ஒரு படி.

இந்த இடைவெளியையும் படியையும் ஒழிக்கப் பல வழிகள் உண்டு. நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: ஏறுவதற்கு யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறதா?

பழைய, அலட்டாத வழி உயர் மேடை. பெட்டியின் தளம் எந்த உயரமோ அந்த உயரத்துக்கு மேடையைக் கட்டிவிடுவது. கால்கரி (1981), லண்டனின் டாக்லேண்ட்ஸ் (1987), லாஸ் ஏஞ்சலஸ் (1990), மான்செஸ்டர் (1992) எல்லாம் இந்தக் கட்சி. எந்தக் கதவிலும் ஏறலாம், யாரையும் கூப்பிட வேண்டாம். நாற்காலிக்காரர், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர், பயணப்பெட்டி இழுப்பவர் எல்லோரும் ஒரே வேகத்தில் உள்ளே போய்விடுவார்கள். சிக்கல் தெருவில்தான். மேடை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். 90 செ.மீ. ஏற, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் கணக்குப் போட்டால், சாய்தளம் மட்டுமே கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம் பிடிக்கும். கடைவீதியின் நடுவில் இதைக் கட்டினால் ஒரு மதில் எழுப்பியது போலத்தான் இருக்கும்.

அடுத்தது லிஃப்ட். சான் டியாகோ 1981இல் லிஃப்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தது. போர்ட்லாந்து 1986இல் தொடங்கியபோது நிறுத்தத்தில் நட்டுவைத்தது. இரண்டிலும் கதை ஒன்றுதான்: ஒருவர் ஏறி முடிக்கும்வரை வண்டி முழுக்கக் காத்திருக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மழையிலும் பனியிலும் நிற்கும் இயந்திரம் என்றைக்காவது மக்கர் செய்யாமலும் இருக்காது. சட்டத்துக்குப் பதில் சொல்ல லிஃப்ட் போதும், மனிதருக்குப் போதாது.

சாக்ரமென்டோ 1987இல் இன்னும் மலிவான வழியைப் பிடித்தது. நிறுத்தத்தின் ஒரு முனையில் மட்டும் சாய்தளத்தோடு ஒரு குட்டி உயர் மேடை. முன்கதவு அதற்கு நேராக நிற்கும். ஓட்டுநர் ஒரு பலகையைப் போடுவார். நாற்காலி உள்ளே போகும். பழுதாக அதில் ஒன்றுமே இல்லை, அதனால் லிஃப்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அது தனி வாசல்தான், ஓட்டுநர் எழுந்து வந்தால்தான் திறக்கும் வாசல். சான் பிரான்சிஸ்கோவில் இது இன்னும் வினோதம். அங்கே பெட்டியின் படிகளே நகரும்: சுரங்க நிலையத்தில் உயர்ந்து மேடைக்குச் சமமாகும், தெருவுக்கு வந்ததும் இறங்கிப் படியாகும். மற்றவர்கள் எந்த நிறுத்தத்திலும் இறங்கிக்கொள்ளலாம். நாற்காலியில் இருப்பவர் குட்டி மேடை உள்ள நிறுத்தம் வரும்வரை போயாக வேண்டும்.

அப்புறம் வந்தது தாழ்தள ட்ராம், ஆட்டத்தை மாற்றியது இதுதான். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் ஓடவிட்ட ட்ராமின் தளம், பெட்டியின் பெரும்பகுதியில் தண்டவாளத்திலிருந்து சுமார் 35 செ.மீ. உயரம்தான். வியன்னாவின் தாழ்தள ட்ராமில் வாசல் ஏறக்குறைய 20 செ.மீ., கிட்டத்தட்ட நடைபாதை உயரம். சும்மா கிடைத்ததல்ல இது. சக்கரங்களை இணைக்கும் அச்சையும் மோட்டாரையும் தளத்துக்கு அடியிலிருந்து நகர்த்த வேண்டும். சில வண்டிகளில் தளத்தின் ஒரு பகுதி மட்டும் தாழ்ந்திருக்கும், உள்ளே போனபின் படி வரும். முழுவதும் தாழ்ந்தவற்றில் சக்கரத்தை மூடிய கூடுகள் இருபுறமும் துருத்தி, நடைவழியைக் குறுக்கிவிடும். போர்ட்லாந்து 1997இல் இதற்கு மாறியபோது ஒரு புத்திசாலித்தனம் செய்தது: பழைய உயரப் பெட்டி ஒவ்வொன்றோடும் ஒரு தாழ்தளப் பெட்டியைக் கோத்து ஓட்டியது. எந்த வண்டி வந்தாலும் ஏறலாம். நிறுத்தத்து லிஃப்டுகளுக்கு வேலை போயிற்று.

வண்டியை மட்டும் தாழ்த்தினால் முடிந்ததா? மெல்பர்னைப் பாருங்கள். உலகிலேயே பெரிய ட்ராம் வலையமைப்பு, 1,600க்கும் மேல் நிறுத்தங்கள், அவற்றில் பல இன்னும் வெறும் சாலைதான். மாநிலத் தணிக்கை அலுவலகம் 2020இல் சொன்ன கணக்கு: 2018-19இல் தாழ்தள ட்ராம், சமமட்ட நிறுத்தத்தில் (வண்டித் தளமும் மேடையும் ஒரே உயரத்தில் இருப்பது) வந்து நின்ற சேவை 15 சதவீதம் மட்டும். புது வண்டி பழைய நிறுத்தத்துக்கு வரும். புது நிறுத்தத்தில் பழைய வண்டி வந்து நிற்கும். டொரான்டோவிலும் பல நிறுத்தங்களில் சாலை நடுவில்தான் ஏறவேண்டும். வண்டியிலிருந்து சாய்பலகை நீளும், ஆனால் தார்ச்சாலை வரை இறங்க வேண்டியிருப்பதால் சரிவு செங்குத்து. நிறுத்தத்தில் மட்டும் சாலையையே நடைபாதை அளவுக்கு உயர்த்திவிடுவது நல்ல மாற்று. கார்கள் அதன் மேல் ஏறி இறங்கிப் போகட்டும். மெல்பர்னிலும் வியன்னாவிலும் அப்படிச் சில நிறுத்தங்கள் உண்டு.

என் கட்சி இது: தெருவில் ஓடும் புதிய தடமென்றால் தாழ்தளமும், அதே உயரத்தில் மேடையும். ஜப்பானின் உட்சுனோமியா 2023இல் திறந்த தடம் இப்படித்தான், வண்டியும் நிறுத்தமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துக் கட்டியவை. சுரங்கமும் தனிப்பாதையும் ஏற்கெனவே இருந்தால் உயர் மேடையை இடிக்கவே வேண்டாம். இரண்டையும் ஒரே தடத்தில் கலப்பதுதான் வம்பு. ஜெர்மனியின் கொலோன் நகரம் 90 செ.மீ. மேடைக்கு ஒரு பிரிவு, 35 செ.மீ. மேடைக்கு இன்னொரு பிரிவு என்று தடங்களைப் பாகம் பிரித்துக்கொண்டதன் காரணமும் அதுதான்.

எதைத் தேர்ந்தாலும் பணிமனை கைவிட்டால் எல்லாம் போச்சு. ஓட ஓடச் சக்கரம் தேயும், கடைந்து சீர்செய்யும்போது இன்னும் சிறுக்கும், தளமும் கூடவே இறங்கும். அவ்வப்போது வண்டியின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே தகடு வைத்து உயர்த்தாவிட்டால், முதல் நாள் சரியாக இருந்த 16 மி.மீ. சில வருடங்களில் மறுபடி படியாகிவிடும்.